இரண்டு காது வைத்த கோப்பை

சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த தை மாதத்தில் எல்சி வண்டியிலிருந்து விழுந்தாள். மன்னார்குடிக்குப் போகும் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வந்தது. ஒதுங்கினாள். டிவிஎஸ் வண்டியின் சக்கரம் நெல்லில் ஏறியதும் வழுக்கிவிட்டது. வண்டியின் முன்பக்கம் மாட்டியிருந்த பையில் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் இருந்தது. விழுந்தவுடன் அவளுக்கு வந்த முதல் நினைப்பு, ஜாக்கெட்டில் அழுக்குப் படாமல் இருக்க வேண்டுமே என்பதுதான். அப்புறம்தான் தன் வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய வாக்கில் இல்லை.

எல்சிக்குத் தையல்தான் தொழில். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாண ஜாக்கெட் என்றால் அவளிடம்தான் வருவார்கள். ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டு போட்டுவிட்டு, "கொஞ்ச நாளைக்கு இந்தக் கை உங்களுக்கு இல்லைன்னு நெனச்சுக்குங்க" என்றார் டாக்டர். எல்சி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அவள் புருஷன் லியோ அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். தையும் மாசியும்தான் அவனுக்குச் சம்பாதிக்கிற மாதங்கள். விஷயம் கேட்டு ஓடி வந்தான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு மெஷின்காரர் போன்மேல் போன் போட, மனசில்லாமல் கிளம்பிப் போனான். மகள் சான்ட்ரா திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்குப் பரீட்சை நேரம். வீட்டில் மிச்சம் இருந்தது மாமனார் சிங்கராயர் ஒருவர்தான்.

சிங்கராயர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும், எப்போது மதகை இறக்க வேண்டும் என்று வேலைக்காலம் முழுக்க மதகுச் சக்கரத்தைச் சுற்றியே வாழ்ந்தவர். அந்தக் கைகளில் இப்போது நடுக்கம். மனைவி சவரியம்மாள் இறந்த மறுவருஷம் ஆரம்பித்தது. மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கும், ஒரேயடியாக நிற்காது. சட்டைப் பொத்தான் போட அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். யாராவது உதவிக்கு வந்தால் கோபம் வரும்.

பக்கத்து வீட்டு அம்சம் வந்து சோறு வடித்து வைத்தாள். எல்சிக்குத் தலை பின்னிவிட்டாள். ஆனால் காலைக் காப்பியை மட்டும் சிங்கராயர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நீ படும்மா. நான் போடுறேன்."

சமையல்கட்டில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். பிறகு தட்டின் மேல் டம்ளர் கடகடவென்று ஆடும் சத்தம் மெதுவாக நடந்து வரும். வந்து சேரும்போது தட்டில் பாதி, அவர் வேட்டியில் கொஞ்சம், டம்ளரில் மிச்சம்.

"உன் பங்கு இவ்வளவுதான் வந்துச்சு. மீதியெல்லாம் பூமாதேவி குடிச்சுட்டா" என்பார்.

எல்சி சிரிப்பாள். அவர் திரும்பிப் போன பிறகு அழுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் காலையில் முதலில் எழுந்தவள் அவள்தான். தனக்கு ஒருவர் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதுவும் இந்தக் கைகளால்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது அவளுடைய கை மாதிரியே இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, விறைத்துப்போயிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. ஊசியைப் பிடிக்கப் போனால் நழுவி விழுந்தது. கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த ஜெயபாரதி என்ற பெண், எல்சியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

"வலிக்குதுன்னு விட்டுடாதீங்க. மெத்துன்னு எதையாவது வச்சு அமுக்கிக்கிட்டே இருங்க. கோதுமை மாவு பிசையலாம். களிமண் இருந்தா இன்னும் நல்லது."

வாய்க்கால் கரையிலிருந்து மண் எடுத்து வந்தாள் எல்சி. நத்தை ஓடும் கண்ணாடிச் சில்லும் கையைக் கிழித்தன. அம்சம்தான் வழி சொன்னாள்.

"பஞ்சநதம் ஐயாவோட பழைய ரைஸ்மில் இருக்குல்ல? அங்க அவர் பொண்ணு கப்பு சாசரெல்லாம் செய்யுது. மூட்டை மூட்டையா மண்ணு வந்து எறங்குது. போய்க் கேட்டுப் பாரேன்."

பஞ்சநதத்தின் ரைஸ்மில் நின்றுபோய் வெகு காலம் ஆகியிருந்தது. அவர் மகள் குந்தவை வெளியூரில் மண்பாண்டக் கலை படித்துவிட்டு வந்து, நெல் அவித்த கொட்டகையிலேயே சக்கரமும் கேஸ் சூளையும் போட்டிருந்தாள். மண் விருத்தாசலம் பக்கமிருந்து வரும். ஹோட்டல்காரர்களும் காப்பிக் கடைக்காரர்களும் சொல்லிவைத்து வாங்கிப் போவார்கள். எல்சி போய் நின்றபோது சூளைக்காரர் மூஸாதான் வாசலில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"கொஞ்சம் களிமண்ணு கிடைக்குமாங்க?"

"எதுக்கும்மா, புள்ளையார் செய்யவா?" என்று கேட்டவர், அவள் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கைக்குங்க பாய்" என்று வலது கையை நீட்டிக் காட்டினாள் எல்சி.

உள்ளேயிருந்து வந்த குந்தவையும் அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு பெரிய உருண்டையைக் கிள்ளி எடுத்து ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள்.

"காஞ்சு போச்சுன்னா தூக்கிப் போட்டுடாதீங்கக்கா. இங்கயே கொண்டாங்க. தண்ணியில ஊறப்போட்டா திரும்ப மண்ணாயிடும். சுடுற வரைக்கும் மண்ணு வீணாப் போறதே இல்ல."

அந்த உருண்டையை அமுக்கிவிட்டு எல்சி பார்ப்பாள். முதலில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் பள்ளம் மட்டும்தான் விழுந்தது. மற்ற இரண்டு விரல்களும் அந்தக் கையில் இருப்பதாகவே மண்ணுக்குத் தெரியவில்லை. கோடை முற்றுவதற்குள் மோதிர விரலின் தடம் லேசாக விழ ஆரம்பித்தது. மண் காயக் காயக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வந்தாள். போகிற இடத்தில் பேச்சுத்துணை இருந்ததால் அங்கேயே உட்கார்ந்து பிசையத் தொடங்கினாள். சுண்டுவிரலின் தடமும் விழுந்த அன்றைக்குக் குந்தவையிடம் ஓடிப்போய்க் காட்டினாள். இருவரும் அந்த உருண்டையைச் சிறு குழந்தையின் காலடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்ட நேரம் அது. பட்டறையில் கைப்பிடியைக் காது என்றுதான் சொல்வார்கள்.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ஒரு காது ஒட்டிப் பாருங்களேன்" என்றாள் குந்தவை.

ஊசி பிடிக்க முடியாத விரல்களுக்கு இந்த வேலை இசைந்தது. சக்கரத்திலிருந்து எடுத்த கோப்பை பாதி காய்ந்திருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், நகம் உள்ளே போகக்கூடாது. காது சேர வேண்டிய இடத்தில் கூர்முனைக் குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். காதின் நுனிகளிலும் அப்படியே. தயிர் பதத்தில் கரைத்த மண்குழம்பை இரண்டு பக்கமும் தடவி, லேசாக அசைத்து அசைத்து அழுத்தினால் குழம்பு ஓரத்தில் பிதுங்கும். அதை வழித்து, சந்தில் மெல்லிய மண்திரியை வைத்து அமுக்கி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டால் எது கோப்பை, எது காது என்று கோடு தெரியாது.

எல்சி ஒட்டியதெல்லாம் பார்க்க அழகாகவே இருந்தன. காய்ந்து, சூளைக்குள் முதல் சூட்டுக்குப் போய் வந்தன. மூஸா சூளையைத் திறந்து ஒரு கோப்பையின் காதைப் பிடித்துத் தூக்கினார்.

"தங்கச்சி, காது என் கையில வந்துடுச்சு. கப்பு அங்கயேதான் நிக்குது."

அது ஒன்றோடு நிற்கவில்லை. அந்த வரிசையில் பாதிக்கு மேல் அதே கதி. எல்சிக்கு முகம் செத்துவிட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் இனி வரலைங்க மேடம். உங்க பொருளையெல்லாம் கெடுத்துட்டேன்."

"உக்காருங்கக்கா. நானும் இப்படிக் கெடுத்துத்தான் படிச்சேன்" என்றாள் குந்தவை. கழன்ற காதை அவள் உள்ளங்கையில் வைத்தாள். கீறிய கோடுகள் கீறிய மாதிரியே இருந்தன. குழம்பு உள்ளே இறங்கவே இல்லை. "காது ரொம்பக் காஞ்சிருந்துருக்கு. கப்பு ஈரமா இருந்துச்சு. ஈரமானது நெறைய சுருங்கும், காஞ்சது சுருங்காது. அதான் விட்டுப்போச்சு."

எல்சி காதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். "உடம்புத் துணியை நனைக்காம, கைத்துணியை மட்டும் நனைச்சுத் தச்சா, ஒரு தண்ணி போட்டதும் தோள்ல இழுத்துக்கும். அது மாதிரிதானே?"

"அதேதான்க்கா."

மறுநாள் முதல் கோப்பைகளையும் காதுகளையும் ஒரே பலகையில் வைத்து, ஒரே பிளாஸ்டிக் தாளால் மூடினாள் எல்சி. இரண்டும் சேர்ந்தே காய்ந்தன. மூஸா அடுத்த முறை சூளை திறந்தபோது ஒவ்வொரு கோப்பையையும் காதைப் பிடித்தே தூக்கினார். கடைசிக் கோப்பையைத் தூக்கியதும், "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். "ஆமென்" என்றாள் எல்சி. அன்று முதல் அது அவளுடைய வேலையாயிற்று. முதல் சூடு முடிந்தவற்றைக் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு போட ஏற்றபடி ஆயத்தம் செய்வதும் அவள் பொறுப்பில் வந்தது.

இதற்கிடையில் வீட்டில் சிங்கராயர் ஒடுங்கிக்கொண்டிருந்தார். முதலில் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு கோயில் திருவிழாவில் ஒரு சம்பவம். தேநீரைக் காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். சிங்கராயர் வாங்கும்போது கை ஆடியது. விடாமல் இறுக்கிப் பிடித்தார். கோப்பை நசுங்கி வெள்ளை வேட்டியெல்லாம் தேநீர். "பெரியவருக்கு ஒரு ஸ்ட்ரா குடுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. திருத்துறைப்பூண்டியில் அவருடைய தம்பி பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தம்பியே நேரில் வந்து அழைத்துவிட்டுப் போனார்.

"நீங்கள்லாம் போயிட்டு வாங்க. எனக்கு பஸ்ஸு ஒத்துக்காது" என்றார் சிங்கராயர்.

பஸ் அவருக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளும். எல்சிக்கு அது தெரியும். மறுநாள் பட்டறையில், இன்னும் காது ஒட்டாத கோப்பை ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்டிருந்த நாட்களில் இடது கையால் டம்ளரைத் தூக்கி, வலது கையின் மாவுக்கட்டால் அண்டை கொடுத்துத்தான் அவள் குடித்தாள். ஒரு கை தடுமாறும்போது இன்னொன்று தாங்கியது.

"மேடம், எனக்காக ஒரு கப்பு சக்கரத்துல போட்டுத் தருவீங்களா? அடி கனமா இருக்கணும். வாய் கொஞ்சம் உள்வாங்கி இருக்கணும், ஆடினாலும் வெளிய தளும்பக்கூடாது. காதை நான் வச்சுக்கிறேன். ரெண்டு காது. நாலு விரலும் உள்ள போற மாதிரி."

"யாருக்குக்கா?"

"எங்க மாமாவுக்கு."

குந்தவை கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு அப்போதே சக்கரத்தில் உட்கார்ந்தாள். உடைந்தால் மாற்றுக்கு இருக்கட்டும் என்று இரண்டு கோப்பைகள் போட்டாள்.

அந்த இரண்டும் உருப்படவில்லை. காதுகள் அகலமும் கனமுமாக இருந்ததால், காயும்போது மேல்சந்தில் முடிபோல விரிசல் விட்டது. எல்சி அவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கரைத்தாள். மறுபடி போடச் சொன்னாள். இந்த முறை காதுகளைக் கொஞ்சம் மெலிதாக இழுத்தாள். ஒன்றை ஒட்டிவிட்டு மற்றதற்குப் போவதற்குள் அது காய்ந்துவிடாமல் ஈரத்துணி போர்த்தினாள். ஒட்டி முடித்ததும் சந்துகளுக்கு மட்டும் தனியாக ஈரத்துணிக் கீற்றைச் சுற்றி, காற்றுப் படாத மூலையில் வைத்தாள். போகும்போதும் வரும்போதும், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். விரிசல் விடவில்லை.

முதல் சூடு முடிந்து இளஞ்செந்நிறத்தில் வெளியே வந்தன. உதடு படும் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினாள். காதின் உட்புறத்தையும் விடவில்லை. நடுங்கும் விரல் உரசுகிற இடம் அது. பிறகு ஈர ஸ்பாஞ்சால் தூசி துடைத்தாள். தூசி இருந்தால் அந்த இடத்தில் கிளேஸ் பிடிக்காமல் சுருண்டு விலகிவிடும். காது சேரும் சந்தில்தான் தூசி ஒளிந்திருக்கும் என்பதால் சின்னத் தூரிகையால் அதைத் தட்டித் தட்டி எடுத்தாள். அடியில் கிளேஸ் பிடித்துச் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளாதிருக்க அங்கே மெழுகு பூசினாள். என்ன நிறம் என்று குந்தவை கேட்டபோது எல்சி யோசிக்கவே இல்லை.

"புதுத்தண்ணி வரும்போது வாய்க்கால்ல ஒரு நெறம் இருக்கும்ல, மண்ணும் பச்சையும் கலந்து? அது வருமா?"

"வர வைப்போம்" என்றாள் குந்தவை.

வந்தது. இரண்டாம் சூடு முடிந்து சூளையிலிருந்து எடுத்தபோது மூஸா ஒரு கோப்பையைத் துணியால் துடைத்து, இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு குடிப்பதுபோலப் பாவனை செய்தார். "உங்க மாமா குடுத்து வச்சவரு, தங்கச்சி." "இல்ல பாய், நான்தான்" என்றாள் எல்சி.

ஆனால் அதைப் பார்த்ததும் சிங்கராயரின் முகம் இறுகியது.

"எனக்கென்ன, பல்லு மொளைக்கிற வயசா?"

எல்சி அவருடைய கோப்பையை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மாற்றுக்குச் செய்த மற்றொன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். குளிர்ந்த காலைகளில் அவள் மணிக்கட்டு இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. தினமும் காலையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தாள். அவருக்குக் காட்டுவதற்காகக் குடிக்கவில்லை. உண்மையிலேயே கைக்கு இதமாக இருந்தது. அவரோ டம்ளரைத் தரையில் வைத்துக்கொண்டு, ஆறட்டும் என்று காத்திருப்பார்.

ஒருநாள் அவரே பேச்சை எடுத்தார்.

"அதுல குடிச்சா நல்லாவா இருக்கு?"

"கை வலியே தெரியல மாமா. ரெண்டு கையும் ஆளுக்குப் பாதி சுமக்குது."

அவர் தன் டம்ளரை ஓரமாகத் தள்ளினார். "உனக்கு மட்டும் நல்ல கப்பு. எனக்கு இந்த எவர்சில்வர் டம்ளரு."

"உங்களுது மேல இருக்கு மாமா."

"எடு, பாப்போம்."

எல்சி அதைக் கழுவி, காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். அவருடைய எட்டு விரல்களும் இரண்டு காதுகளுக்குள் நுழைந்தன. கோப்பை ஆடத்தான் செய்தது. ஆனால் கனமான அடி ஆட்டத்தைக் குறைத்தது. தளும்பிய காப்பி உள்வாங்கிய விளிம்பில் மோதி உள்ளேயே திரும்பி விழுந்தது. அவர் குனிந்து ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். மறுபடி குடித்தார். முடித்துவிட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சூடா காப்பி குடிச்சு வருஷக்கணக்காச்சும்மா. மேல ஊத்திக்கிட்டா சுட்டுடுமேன்னு ஆறப்போட்டே குடிச்சுப் பழகிட்டேன்."

எல்சிக்கு இது தெரியாது. அவருக்கு ஆறிய காப்பிதான் பிடிக்கும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திருத்துறைப்பூண்டிக்கு அவரும் வந்தார். கோப்பையை மஞ்சள்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோன ஒவ்வொரு மதகையும் எல்சிக்குப் பெயர் சொல்லிக் காட்டினார். கல்யாண மண்டபத்தில் காப்பி கொடுக்கும் பையன் வந்ததும், பையிலிருந்து கோப்பையை எடுத்து எல்லாருக்கும் முன்னால் நீட்டினார். தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இது என்னண்ணே, புதுசா இருக்கு?" என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் மருமவ செஞ்சது. காதைப் பிடிச்சு இழுத்துப் பாரு, வராது" என்றார் சிங்கராயர். எதிரே இருந்த மங்களாம்பிகை என்ற டீச்சர் எழுந்து வந்தாள். பக்கவாதம் வந்த தன் கணவருக்கு இப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். எல்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்டிப்பாங்க டீச்சர்" என்றாள்.

இப்போது குந்தவையின் பட்டறையில் அந்தக் கோப்பைக்கென்று தனிப் பலகையே இருக்கிறது. ஜெயபாரதி தன்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களைப் பார்த்துவிட்டுச் சொல்லியனுப்புவாள். வலது பக்கம் செயலற்றவருக்கு ஒரு காது பெரிதாக, விரல் மடங்காதவருக்குக் காது அகலமாக என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி எல்சி ஒட்டித் தருகிறாள். தைக்க வருகிறவர்களிடம் அளவு எடுத்த பழக்கம் அவளுக்குக் கைகொடுக்கிறது. தையலையும் விட்டுவிடவில்லை. ஊசி மறுபடி கையில் நிற்கிறது. முன்போல வேகமில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் கோயிலில் ஒரு நன்றிப் பூசைக்குச் சொல்லப் போனாள். யார், எந்தக் கருத்துக்காகப் பூசை கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் உபதேசியார் கிளாட்சன் பேனாவோடு நிமிர்ந்தார்.

"என்ன கருத்துக்கும்மா?"

எல்சிக்கு எதைச் சொல்வது என்று தெரியவில்லை. காப்பி போட்டுக் கொடுத்த மாமாவைச் சொல்வதா, கேட்டவுடன் மண் கிள்ளிக் கொடுத்த குந்தவையைச் சொல்வதா, ஜெயபாரதியையா, தலை பின்னிவிட்ட அம்சத்தையா, காது கழன்றபோதும் தங்கச்சி என்று கூப்பிட்ட மூஸாவையா? எல்லாரையும் சொன்னால் ஒரு பக்கம் போதாது.

"என் வலது கைக்குன்னு போட்டுக்குங்க" என்றாள்.

அவர் அப்படியே எழுதிவிட்டார். பூசை வைத்த சாமியாரும் அப்படியே வாசித்துவிட்டார். "எல்சி அவர்களின் வலது கைக்காக நன்றி செலுத்தி..." என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் முன்வரிசையிலிருந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். லியோ தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினான். எல்சிக்கு எங்கே போய் ஒளிவது என்று ஆகிவிட்டது. ஆண்கள் பக்கத்தில் சிங்கராயர் மட்டும் எல்லாருக்கும் கேட்கும்படி "ஆமென்" என்றார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது மணி ஏழரைகூட ஆகவில்லை. குறுவை நட்டிருந்த வயலில் தண்ணீர் பளபளத்தது. வாசலில் நின்ற பெண்கள், "கைக்கெல்லாமா பூசை வைப்பாங்க?" என்று கேலி செய்தார்கள். "காலுக்கு அடுத்த மாசம்" என்று சொல்லிவிட்டு எல்சி வண்டியைக் கிளப்பினாள். பின்னால் மாமா உட்கார்ந்துகொண்டார். வீட்டில் இட்லிமாவு பொங்கி நிற்கும். பட்டறையில் முந்தின நாள் சூளையிலிருந்து எடுத்தவை துடைக்கக் காத்திருந்தன.